குன்றத்தூர் படிக்கட்டில் முட்டளவு தண்ணீர்

குன்றத்தூர் மலைக்கோயில் படிக்கட்டில், அதுவும் பாதிப் படிக்கு மேலே, முட்டளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். அடிவாரத்தில் அல்ல, மலையில். கீழே சாலை காய்ந்து கிடக்கும். மேலே பக்தர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். இருபத்தேழு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் கையால் வந்த கணக்கு அது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. அந்தத் தண்ணீருக்கு மூன்று வாரம் இன்னொருவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு 'வழிகாட்டுகிற மாதிரி ஏதாவது' எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவனிடம் வழி கேட்பது, அதே மேடவாக்கம் கூட்டு ரோட்டில் மாலை ஆறு மணிக்கு வழி கேட்பதைப் போன்றது. அங்கே நிற்கிற எல்லோருக்கும் வழி தெரியும். ஒருவரும் நகர முடியாது. ஆகவே வழியை விட்டுவிடுகிறேன். நான் எங்கே போய் முட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். தாம்பரத்தைச் சுற்றி மழை பெய்தால் தண்ணீர் எந்தத் தெருவில் ஏறும், எந்த வழியாக வடியும் என்று கணக்குப் போடுவது. ஒரே கணினியில் போட்டால் மழை நின்று, வெயில் வந்து, அடுத்த மழையும் வந்த பிறகுதான் விடை வரும். அதனால் வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு ப்ராசஸிடம், அதாவது தனியாக ஓடும் ஒரு கணக்குப்பிள்ளையிடம், கொடுக்கிறோம். ஒரு ப்ராசஸ் மனதில் இருப்பது அடுத்ததற்குத் தெரியாது. எல்லையில் இருக்கிற இரண்டு பேரும் கடிதம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். "என் பக்கம் நீர்மட்டம் இவ்வளவு. உன் பக்கம் எவ்வளவு?" ஒவ்வொரு கடிதத்தின் மேலும் ஓர் எண் இருக்கும். டேக் என்பார்கள். வாங்குகிறவர், "இன்னாரிடமிருந்து, இந்த எண் போட்ட கடிதம் வேண்டும்" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

இதுவரை வில்லங்கம் இல்லை. வில்லங்கம் எப்போது வருகிறது என்றால், ஒரே ப்ராசஸுக்குள் இரண்டு பேர் எழுதிய நிரல்கள் குடியிருக்கும்போது. தரைமேல் ஓடும் தண்ணீருக்கான நிரல் என்னுடையது. தரைக்குக் கீழே வடிகாலில் ஓடும் தண்ணீருக்கான நிரலை எழுதியவர் எஸ்தர். படப்பையிலிருந்து பஸ்ஸில் தாம்பரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து கேம்ப் ரோட்டில் இருக்கும் நம் அலுவலகத்துக்கு வருவார். ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியையாக இருந்தவர்; அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். முதல் ஆறு மாதம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம் என்பது ஏற்பாடு.

அவருடைய நிரலும் என்னுடைய நிரலும் அதே அண்டை வீட்டாருக்குத்தான் கடிதம் போடுகின்றன. எது யாருடைய கடிதம் என்று எப்படித் தெரியும்?

அதற்குச் சரியான வழி ஒன்று உண்டு. எல்லா ப்ராசஸ்களையும் சேர்த்து வைத்திருக்கும் அந்தக் குழு இருக்கிறதே, கம்யூனிகேட்டர், அதை நகல் எடுத்துக்கொள்வது. அதே ஆட்கள், அதே வரிசை, ஆனால் உலகம் வேறு. ஓர் உலகத்தில் போட்ட கடிதம் இன்னோர் உலகத்தில் போய் விழாது, எண் ஒன்றாகவே இருந்தாலும். எழுத ஒரு வரி. ஓட ஒரு கண் சிமிட்டல்.

என் வழி வேறு. என்னிடம் ஒரு நோட்டு இருந்தது.

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ஒன்று முதல் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை எனக்கு. நானூறு முதல் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை வடிகாலுக்கு. ஐந்நூறிலிருந்து மழைக்கு. எண் வேண்டும் என்கிறவர்கள் என் மேசைக்கு வந்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை ஒரு நிர்வாக முறையாக வளர்த்தெடுத்தவன் என்று என்னைச் சொல்லலாம். அப்போது அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எஸ்தர் சேர்ந்த முதல் வாரமே என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், ஒரு டவுட்டு. என் மாட்யூல் உங்க கம்யூனிகேட்டரையே அப்படியே யூஸ் பண்ணுது. நான் அதுக்கு ஒரு டூப், தனியா ஒரு காப்பி, எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கும்மா?"

"உங்க மெசேஜும் என் மெசேஜும் கலந்துடக் கூடாதுல்ல சார்."

"எப்படிக் கலக்கும்? நானூறுலேர்ந்து உனக்கு. அதுக்குக் கீழ எனக்கு. நோட்டுல கையெழுத்து போடு."

"அது சரி சார், ஆனா நாளைக்கு யாராவது…"

"அதே ஆளுங்க, அதே வரிசை. அதுக்கு எதுக்கு இன்னொரு குரூப்பு? கம்ப்யூட்டர் என்ன, சும்மாவா கெடக்குது?"

கையெழுத்துப் போட்டார். தற்காலிகத்தில் இருப்பவர் வேறென்ன செய்ய முடியும்?

இதே வாதத்தை அதே மாதம் எங்கள் அடுக்குமாடிக் கூட்டத்திலும் நான் வைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாற்பத்தெட்டு வீடு, ஒரு வாட்ஸப் குழு. தண்ணீர் லாரிக்கு மட்டும் தனிக் குழு வேண்டும் என்றார்கள். அதே நாற்பத்தெட்டு பேரை இன்னொரு முறை சேர்ப்பதில் என்ன அர்த்தம் என்று எழுந்து நின்று கேட்டேன். பதில் என் மனைவியிடமிருந்து வந்தது.

"அதே ஆளுங்கதான். ஆனா லாரி வந்துச்சான்னு பாக்க நான் நாப்பது குட்மார்னிங்கத் தாண்டிப் போகணுமா? போன வாரம் எவரோ 'வந்தாச்சு'ன்னு போட்டாரு. மோட்டாரப் போட்டுட்டு நிக்கறேன், வந்தது அவரோட மச்சினராம்."

சபை சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது. நான் எதையும் கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன்.

சில மாதம் எல்லாம் சரியாகவே ஓடிற்று. அதுவரை சின்ன வரைபடம். வடிகால் மாட்யூலை, அதாவது எஸ்தரின் நிரலை, தனியாகவே சோதித்துக்கொண்டிருந்தோம். பிறகு வாடிக்கையாளர் வரைபடத்தைக் குன்றத்தூர் வரை நீட்டச் சொன்னார். நீட்டினோம். அதே வாரம் எஸ்தரின் மாட்யூலையும் இணைத்தோம். இணைத்த மறுநாள் படிக்கட்டில் தண்ணீர்.

மேலாளர் திரையைப் பார்த்தார். நிதானமான மனிதர், கோபம் வந்தால் நிதானம் இன்னும் கூடும். "சார், முருகனுக்கு இந்த வருஷம் தெப்பம் மேலயே விட்ரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

நான் விசாரணையில் இறங்கினேன். எஸ்தரின் மாட்யூலைக் கழற்றினேன்: தண்ணீர் போயிற்று. மாட்டினேன்: தண்ணீர் வந்தது. மறுபடி கழற்றினேன், மறுபடி போயிற்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"சார், சின்ன மேப்ல என் மாட்யூலோட ஓட்டிப் பாத்தேன், கரெக்டா வருது" என்றார் எஸ்தர்.

"சின்ன மேப்ல தப்பு வெளிய தெரியாதும்மா."

"ரெண்டு தடவ முழுசா திருப்பி எழுதிட்டேன் சார்."

"அப்போ மூணாவது தடவையும் பாரு."

தன்னிடம் இல்லாத தவற்றை மூன்று வாரம் தன்னிடமே தேடுவது எப்படி இருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. அப்போது மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒன்று. மேலாளருக்கு எழுதி, பதினோரு பேருக்கு நகல் போட்டு. நாகரிகமான மெயில்கள்தான். 'வடிகால் மாட்யூலின் தரம் குறித்து எனக்குச் சில கவலைகள் உண்டு' என்ற வகை. அலுவலகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'கவலை' என்ற சொல்லைப் போல ஆளைக் காயப்படுத்தும் ஆயுதம் வேறில்லை; எடுத்தவன் கையில் ரத்தமே படாது.

மூன்றாவது மெயிலுக்குப் பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பொண்ணோட ரிவ்யூ. உங்க மெயில் மூணும் ஃபைல்ல போட்டாச்சு. கன்ஃபர்ம் பண்ணலன்னா அன்னிக்கே ரிலீவ் பண்ணணும். நீங்க ஷ்யூர்தானே?"

"ஷ்யூர்தான்" என்றேன்.

எஸ்தர் விட்டுவந்த பாலிடெக்னிக் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அவரே ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொல்லியிருந்தார். தெரிந்தும் 'ஷ்யூர்தான்' என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே வந்தேன். நான்கு மணிக் கூட்டத்துக்கு மறுக்க முடியாத ஆதாரம் தயாரிப்பது நோக்கம். ஒவ்வொரு கடிதத்தையும் யார் போட்டது, யாருக்கு, எந்த எண், எந்த நிரலிலிருந்து என்று வரி வரியாக அச்சிட வைத்தேன். எஸ்தரின் கடிதம் ஒன்றாவது நானூறுக்குக் கீழே இறங்கி என் எண்ணில் கால் வைத்திருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன்.

ஒன்றுகூட இறங்கவில்லை. ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. நானூறிலிருந்து நானூற்று எழுபது வரை, வகுப்பில் பெஞ்சு போட்டு உட்கார்ந்த மாதிரி.

பிறகு நானூற்றுப் பன்னிரண்டு இரண்டு முறை வருவதைப் பார்த்தேன். ஒரே ஆளிடமிருந்து ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு கடிதம். ஒன்று வடிகாலிலிருந்து. மற்றது தரைமேல் ஓடும் தண்ணீரிலிருந்து. அதாவது என்னிடமிருந்து.

என் நிரல், எல்லைக்கு ஓர் எண் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போகும்படி நானே எழுதியது. வரைபடம் சின்னதாக இருந்தவரை எல்லைகள் முந்நூறைத் தாண்டவில்லை. குன்றத்தூர் வரை நீட்டியதும் எல்லைகள் பெருகி, எண்கள் நானூறைத் தாண்டி எஸ்தரின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. நோட்டை எழுதியவனே நோட்டை மீறியிருந்தான். நோட்டுக்கு அது தெரியாது. நோட்டு மேசை டிராயரில் இருந்தது.

இதற்கு மேல் இன்னொரு சாமர்த்தியமும் செய்திருந்தேன். வேகத்துக்காக, கடிதம் வருவதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு நிற்கும்படி என் நிரலை எழுதியிருந்தேன். எஸ்தரின் கடிதம் முதலில் வந்தது. நீட்டிய கையில் விழுந்தது. பின்னால் வந்த என் கடிதம் எஸ்தரின் கையில் விழுந்தது. குழாயில் ஓடும் நீரின் அளவை நான் தெருவில் நிற்கும் நீரின் உயரமாக எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஏற்றினேன். இரண்டும் வெறும் எண்கள். சங்கப் பாட்டின் அடியில் 'தோழி கூற்று', 'தலைவன் கூற்று' என்று யாரோ ஒரு புண்ணியவான் குறித்து வைத்திருக்கிறாரே, அந்த ஒரு வரி இல்லாவிட்டால் யார் யாரிடம் சொன்னது என்று நாம் இன்றைக்கும் அடித்துக்கொண்டிருப்போம். அந்த ஒரு வரியைத்தான் எஸ்தர் முதல் வாரமே கேட்டார். நான்தான் தேவையில்லை என்றேன்.

இப்போது பழைய சாட்சிகளைத் திருப்பிப் பாருங்கள். அவர் மாட்யூலைக் கழற்றினால் விடை சரியாக வந்தது. கடிதம் மாறிப்போக எதிரில் ஆள் இல்லையே. சின்ன வரைபடத்தில் சரியாக வந்தது; என் எண்கள் அங்கே நானூறைத் தொடவில்லையே. நான் சொன்னதெல்லாம் உண்மை. அவர் சொன்னதும் உண்மை. ஒன்றை எடுத்ததும் தொல்லை போகிறது என்றால், தொல்லை நடந்த இடத்தில் அதுவும் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். இதை ஒரு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் ஒட்டியிருக்க வேண்டும்.

மணி பன்னிரண்டரை. எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை. போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நான்கு மணிக்குள் நானே சரிசெய்துவிட்டால், கூட்டத்தில் 'பிரச்சினை தீர்ந்துவிட்டது' என்று சொல்லலாமே என்றுதான் தோன்றியது. யார் செய்த பிரச்சினை, யார் தீர்த்தார்கள் என்ற விவரமெல்லாம் இல்லாமல், மழை நின்றுவிட்டது என்பதைப் போல.

எஸ்தர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய நிரலைத் திறந்து, குழுவை நகல் எடுக்கும் அந்த ஒரு வரியை அவர் கணக்குப் போடும் இடத்தில் நானே எழுதினேன். முதல் தடவை அந்த இடத்துக்கு வரும்போது நகல் எடுத்துக்கொள்ளட்டும் என்று. ஓட்டினேன்.

இயந்திரங்கள் இரைந்தன. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றே முக்கால் ஆயிற்று. பெரிய கணக்கு, நேரமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

எங்கள் ஏசித் தண்ணீர் நேராக டீக்கடைத் தகரத்தில்தான் விழும். கடைக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மேல மெசினு செம்மயா ஓடிகினு கீது போல? தண்ணி நிக்காம ஊத்துதே."

"ஆமாண்ணா, பெரிய கணக்கு."

"ஓடட்டும், ஓடட்டும். என் பாய்லர அணைக்காம இருந்தா சரி."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உண்மையில் மேலே எதுவும் ஓடவில்லை. இந்த ப்ராசஸ்களுக்கு ஒரு குணம் உண்டு: கடிதத்துக்குக் காத்திருக்கும்போது சும்மா உட்காராது. வந்ததா, வந்ததா என்று நொடிக்கு லட்சம் தடவை வாசலைப் பார்க்கும். ஒன்றுமே செய்யாதபோதும் முழு வேகத்தில் சூடாகும். வெளியிலிருந்து பார்த்தால் உழைப்பு போலவே இருக்கும். அலுவலகத்தில் இப்படிப்பட்டவர்களை நீங்கள் இதற்குள் சந்தித்திருப்பீர்கள்.

இரண்டே கால். திரை அப்படியே இருந்தது. வேறு வழி இல்லை.

"எஸ்தர், கொஞ்சம் வாம்மா."

அவர் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு வந்தார். உட்காரும் முன்பே, "எந்த ஃபைல் சார்?" என்றார். மூன்று வாரத்தில் அந்த அளவுக்குப் பழக்கியிருந்தேன்.

அச்சிட்ட தாளைத் தள்ளினேன். விரலால் வரி வரியாகக் கீழே இறங்கினார். விரல் நின்றது.

"நானூத்திப் பன்னெண்டு. இது உங்களுது சார்."

"ஆமா."

"மூணு வாரம் சார்."

"ஆமாம்மா."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். திரையைப் பார்த்தார்.

"இந்த லைன யாரு இங்க போட்டது?"

"நான்தான். நகல் எடுத்துட்டா சரியாப் போயிடும்னு…"

"ஏன் சார் இங்க போய்ப் போட்டீங்க?"

"ஏன், இங்கதானே உன் கணக்கு ஆரம்பிக்குது?"

"வடிகால் இருக்கற ஏரியா மட்டும்தான் சார் இந்த இடத்துக்கே வரும். டூப்னா எல்லாரும் சேந்து பண்ணணும். ஒருத்தர் வரலன்னாக்கூட மீதிப் பேர் நின்னுட்டே இருப்பாங்க. ஏரி, வயலு, அவங்கல்லாம் எப்படி வருவாங்க? எங்க படப்பைப் பக்கம் ஏது சார் வடிகாலு?"

"அப்போ அவங்க…"

"அவங்க அவங்க வேலையப் பாத்துட்டு இருக்காங்க. இங்க இத்தன பேரு காத்துட்டு இருக்கறது அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

எங்கள் அடுக்குமாடிக் கூட்டமே இதைவிடத் தெளிவாக நடக்கும். அங்கே வராதவர்களுக்குப் போனாவது போடுவார்கள். எஸ்தர் அந்த வரியை வெட்டி, நிரலின் தொடக்கத்தில், எல்லா ப்ராசஸும் கட்டாயம் கடந்து போகும் இடத்தில் ஒட்டினார். கடைசியில், எடுத்த நகலை விடுவிக்கும் வரி ஒன்றையும் சேர்த்தார். எல்லாம் நான்கு நிமிஷம். இரண்டு ஐம்பதுக்கு ஓட்டினோம். ஐம்பது நிமிஷத்தில் விடை வரும்.

அந்த ஐம்பது நிமிஷத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் தொழிலில் வரிகளை எழுதுவது எளிது. இந்த மாதிரி ஐம்பது நிமிஷம்தான் கஷ்டம். நான் உடனே எழுந்து மேலாளர் அறைக்குப் போயிருக்க வேண்டும். தவறு என்னுடையது என்று சொல்ல விடை வரத் தேவையில்லை. தாள் கையில் இருந்தது. ஆனால் போகவில்லை. விடை மறுபடி தப்பாக வந்தால், எஸ்தரிடமும் ஏதோ பிழை இருக்கிறது என்று சொல்ல இடம் கிடைக்குமே என்று காத்திருந்தேன். படிக்கட்டில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். கோயிலுக்கு எதிராக அப்படி ஒரு வேண்டுதலை வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

மூன்று நாற்பதுக்கு விடை வந்தது. படிக்கட்டு காய்ந்திருந்தது. தண்ணீர், எப்போதும் நிற்கிற பள்ளத்துத் தெருக்களில், எப்போதும் போல நின்றது.

மூன்று ஐம்பதுக்கு மேலாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மனிதவளத் துறை அம்மையார் ஒருவர் ஃபைலுடன் உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தண்ணி என்னோடது" என்றேன்.

"எது?"

சொன்னேன். எண், நோட்டு, நீட்டிய கை, எல்லாவற்றையும்.

மேலாளர் நிதானமாகக் கேட்டார்: "அப்போ அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லையா?"

"இல்ல. மொத வாரமே சரியான வழியக் கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

அம்மையார் ஃபைலைப் புரட்டினார். "சார், நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியல. ஆனா இங்க மூணு மெயில் இருக்கு."

"மண்டே பாத்துக்கலாம்" என்றார் மேலாளர்.

வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகி, கொஞ்சம் நிமிர்ந்தும் இருந்தது. இந்த வயதில், இத்தனை அனுபவத்துக்குப் பிறகு, தவற்றை ஒப்புக்கொள்ளும் மனசு எத்தனை பேருக்கு வரும்? எஸ்தரின் மேசைக்குப் போய், "சொல்லிட்டேம்மா" என்றேன்.

"வாயாலயா சார்?"

"ஆமா. ரெண்டு பேர் முன்னாடியும்."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. என்னப் பத்தி எழுதினது மூணும் மெயில்ல. பதினோரு பேருக்கு சிசி. இத மட்டும் ரூமுக்குள்ள போய் கதவச் சாத்திட்டு சொல்லிட்டு வர்றீங்க. மண்டே அந்த மேடம் ஃபைலத் தொறந்தா உள்ள என்ன சார் இருக்கும்?"

அவர் குரல் உயரவே இல்லை. நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

முதலில் எழுதிப் பார்த்த மெயில் நான்கு பத்தி நீண்டது. 'எண்களில் ஒரு குழப்பம் நேர்ந்திருந்தது தெரியவந்துள்ளது.' எஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"இதுல யாரு பண்ணாங்கன்னே இல்லயே சார்."

இரண்டாவதில் 'நாங்கள்' என்று எழுதினேன்.

"நாங்கன்னா, நானுமா சார்?"

மூன்றாவது ஆறு வரி. படிக்கட்டுத் தண்ணீருக்குக் காரணம் என் நிரல். வடிகால் மாட்யூலில் எந்தப் பிழையும் இல்லை. எஸ்தர் தொடக்கத்திலேயே குழுவை நகல் எடுக்கக் கேட்டார், நான் மறுத்தேன். என் முந்தைய மூன்று மெயில்களும் தவறானவை, அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். திருத்தத்தைச் சரியாகச் செய்ததும் எஸ்தர்தான். பொறுப்பு என்னுடையது. இருபத்தேழு வருஷத்தில் நான் எழுதிய மெயில்களில் 'நான்' என்ற சொல் தப்புச் செய்த இடத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

"இது சரி சார்" என்றார். "அதே பதினோரு பேருக்கும் போட்டுடுங்க." பையை எடுத்துக்கொண்டு படப்பை பஸ்ஸுக்குக் கிளம்பினார். அதே மெயில் சங்கிலியில், அதே ஆட்களுக்கு, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு எஸ்தருக்கு நிரந்தர ஆணை கொடுத்தார்கள். மதியத்துக்குள் அவர் எல்லோருடைய மாட்யூலிலும் தொடக்கத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். பிறர் கூப்பிடப் போகும் நிரலை எழுதுகிறீர்கள் என்றால், அவர்கள் கொடுக்கும் குழுவை அப்படியே பயன்படுத்தாதீர்கள், நகல் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் வரும் இடத்தில் எடுங்கள், முடிந்ததும் விடுவியுங்கள். தொழில் சம்பந்தமாக நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இதைக் கற்க எனக்கு ஒரு மலையை நனைக்க வேண்டியிருந்தது.

அந்த மெயிலுக்கு என்ன பதில் வருகிறது என்று அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு பேர் படிக்கிறார்கள். ஒருவராவது இப்படி வெளிப்படையாக எழுதியதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. மாலை நாலரைக்கு ஒன்றே ஒன்று வந்தது, எல்லோருக்கும் போகும்படி. அனுப்பியவர் பெயர் எங்கள் குழுவில் ஒருவருடைய பெயர்தான், ஆள் வேறு.

"சார், நான் ஸ்டோர்ஸ்ல இருக்கேன். உங்க ப்ராஜெக்ட்ல இருக்கறவரு இன்னொருத்தரு. மூணு வாரமா உங்க மெயிலெல்லாம் எனக்குத்தான் வந்துட்டிருக்கு. சண்டை முடிஞ்சிடுச்சுன்னா என்னை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க."